முதல் மொழிப் பழக்கமும் இரண்டாம் மொழிச் சரளமும்



கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவ, மாணவியருடன் ஆண்டுதோறும் நாங்கள் நேரில் அமர்ந்து பேசுகிறோம். கூட வரும் பெற்றோர் பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: "பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியத்துல படிக்க வச்சோம். நாலு வார்த்தை சேர்ந்தாப்புல பேச வரல." இதற்குச் சிலர் கைக்கொள்ளும் மருந்து, வீட்டில் தமிழை நிறுத்திவிடுவது. உம்மாவும் வாப்பாவும் தமக்குத் தெரிந்த அளவு ஆங்கிலத்திலேயே பிள்ளையிடம் பேசுகிறார்கள். அறக்கட்டளை நடத்தவிருக்கும் பேச்சுப் பயிற்சி வகுப்பில் தமிழில் ஒரு சொல் பேசினாலும் அபராதம் போட வேண்டும் என்ற யோசனையும் எங்களுக்கு வந்தது. அதை நாங்கள் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதை விளக்கமாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தமிழ்ப் பழக்கம் ஆங்கிலத்திலும் அரபியிலும் வந்து நிற்கிறது என்பது உண்மை. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வீட்டில் தமிழை நிறுத்துவதால் அது போய்விடாது. பேசும் பெற்றோரின் நாவே தமிழில் பழகிய நாவு. அவர்கள் பேசும் ஆங்கிலம் தமிழின் ஓசையிலும் தமிழின் வரிசையிலும்தான் ஓடும். பிள்ளை அதையே கற்றுக்கொள்ளும். தமிழும் குறைந்துபோகும். நன்னியிடம் மனம்விட்டுப் பேசுவதற்கும் அதற்கு ஒரு மொழி இல்லாமல் போகும்.

நாவுக்கு முன் காது

பேச்சுப் பழக்கம் நாவில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. கனடாவில் ஜேனட் வெர்க்கர் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று மிகவும் பேசப்பட்டது. இந்தி மொழியில் 'ட'வுக்கும் 'த'வுக்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் கேட்டு அறிகிறார்களா என்று அவர்கள் பார்த்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் அறிந்தார்கள். 10, 12 மாதம் ஆனபோது அந்தத் திறன் ஏறக்குறைய இல்லை. தன் வீட்டில் பயன்படாத வேறுபாட்டைக் கேட்பதை ஒரு வயதுக்குள்ளாகவே காது விட்டுவிடுகிறது. நமக்கு வெகு எளிதான 'ட', 'த' வேறுபாடு ஆங்கிலேயருக்குக் காதிலேயே விழுவதில்லை. நம் பிள்ளை 'ஃபேன்' என்பதைப் 'பேன்' என்று சொல்லும்போது சிரிப்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

இது புதிய செய்தியும் அல்ல. ஹிஜ்ரி 255இல் மறைந்த பஸராவின் அறிஞர் அல்-ஜாஹிழ், 'அல்-பயான் வத்-தப்யீன்' என்ற நூலில் பிறமொழியாரின் அரபி உச்சரிப்பைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சிந்து தேசத்திலிருந்து வயது வந்த பின் அழைத்து வரப்பட்ட ஒருவர், நல்ல அரபி பேசும் கோத்திரங்களின் நடுவே 50 ஆண்டுகள் வாழ்ந்தாலும், 'ஜீம்' எழுத்தை 'ஸாய்' ஆகத்தான் சொல்வார் என்கிறார். 'பெரியவரான பின்' என்று வயதைக் குறித்துச் சொன்னதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஒலிப் பதிவுக் கருவி எதுவும் இல்லாத காலத்தில், கடைத்தெருவில் காது கொடுத்தே இதைக் கண்டுகொண்டிருக்கிறார்.

தமிழ் நாவு செய்வது என்ன?

தமிழில் 'க' என்ற ஒரே எழுத்து இருக்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறுகிறது. 'கல்' என்பதில் ஒரு விதம், 'தங்கம்' என்பதில் இன்னொரு விதம், 'அகம்' என்பதில் மூன்றாவது விதம். 'பல்' என்பதில் உள்ள 'ப'வும் 'தம்பி'யில் உள்ள 'ப'வும் ஒன்றல்ல. ஒலி மாறினாலும் பொருள் மாறாததால் நாம் அதைக் கவனிப்பதில்லை. ஆங்கிலத்திலோ அந்த வேறுபாடே பொருளை மாற்றுகிறது. உடலில் அணியும் கோட்டும், புல் மேயும் ஆட்டுக்கான ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தில் ஒரே 'கோட்'தான்.

'தம்பி' என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தின் அந்த மெல்லிய 'ப' தெரியாது என்று சொல்ல முடியாது. அது சொல்லின் தொடக்கத்தில் வந்து பழக்கமில்லை, அவ்வளவுதான். 'தம்பி, தம்பி' என்று பலமுறை சொல்லச் சொல்லி, 'ம்பி' என்பதில் நிறுத்தி, பின் முன்பகுதியை விட்டுவிடச் சொன்னால் ஒரே நாளில் வந்துவிடுகிறது. 'தங்கம்' என்பதிலிருந்து 'கோட்' என்ற ஆட்டையும் இப்படியே பிடிக்கலாம். இல்லாத ஒலியைப் புதிதாகக் கற்பிப்பதைவிட, இருக்கும் ஒலியை வேறு இடத்துக்கு நகர்த்துவது எளிது.

இன்னொரு பழக்கம், சொல்லின் முடிவில் 'உ' சேர்ப்பது. தமிழ் இலக்கணப்படி வல்லின மெய்யில் சொல் முடியாது. 'பாக்', 'நாட்' என்று நாம் நிறுத்துவதில்லை. பாக்கு, நாடு என்று குற்றியலுகரம் வந்துவிடும். ஆகவே 'புக்' என்பது 'புக்கு' ஆகிறது, 'பஸ்' என்பது 'பஸ்ஸு' ஆகிறது. ஆங்கிலத்தில் இதனால் பெரிய நட்டமில்லை. ஆனால் குர்ஆன் ஓதும்போது இதே பழக்கம் வேறு விதமாகக் குறுக்கே வருகிறது. சூரத்துல் இக்லாஸில் 'அஹத்', 'ஸமத்' என்று நிறுத்தும்போது 'தால்' எழுத்தில் 'கல்கலா' என்ற அதிர்வு வேண்டும். தமிழ்ப் பிள்ளையின் நாவு அந்த அதிர்வைக் குற்றியலுகரமாக எடுத்துக்கொண்டு 'அஹது' என்று முடித்துவிடுகிறது. மக்தப் உஸ்தாதுமார்கள் தினமும் திருத்துவது இதைத்தான். 'உ என்று சொல்லாதே' என்பதோடு நிறுத்தாமல், 'இது உன் தமிழ்ப் பழக்கம், பாக்கு என்று சொல்கிறாயே, அதுபோல வருகிறது' என்று காட்டினால் பிள்ளைக்கு உடனே பிடிபடுகிறது.

'கல்ப்' என்ற உதாரணம் மதரஸாவில் ஓதிய அனைவருக்கும் தெரியும். தொண்டையை ஒட்டி வரும் 'காஃப்' எழுத்தில் சொன்னால் இதயம். சிறிய 'காஃப்' எழுத்தில் சொன்னால் நாய். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. இதனால்தான் தமிழ் எழுத்தில் அச்சிட்ட சூராக்களைப் பார்த்து மனனம் செய்ய வேண்டாம் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அந்தப் புத்தகங்களை அச்சிடுவோரின் நல்ல எண்ணத்தில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் வேறுபாடு காட்டாத எழுத்தில் படித்த காது, பின்னால் உஸ்தாத் சொன்னாலும் வேறுபாட்டைக் கேட்பதில்லை. முந்தைய தலைமுறையில் அரபுத்தமிழ் வழக்கில் இருந்தது. தமிழ்ப் பேச்சை அரபி எழுத்திலேயே எழுதினார்கள். அரபியில் இல்லாத ட, ப, ண, ள போன்ற ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டித் தனி எழுத்து அமைத்துக்கொண்டார்கள். எதில் தமிழும் அரபியும் ஒன்று, எதில் வேறு என்பது அவர்களுக்கு எழுதும்போதே தெரிந்திருக்கும்.

தமிழ் நமக்குத் தடை மட்டுமா? இல்லை. அரபியில் குறிலா நெடிலா என்பது பொருளை மாற்றும். தமிழிலும் அப்படியே: 'கல்' வேறு, 'கால்' வேறு. அரபியில் 'ஷத்து' வந்தால் எழுத்தை இரட்டித்து அழுத்த வேண்டும். 'புளி'யையும் 'புள்ளி'யையும் பிரித்துச் சொல்லும் பிள்ளைக்கு இது கற்காமலே வரும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அரபி கற்கும்போது இந்த இரட்டித்தலிலும் திணறுகிறார்கள்.

'ரமளான்' சொன்னவர்கள் தவறிழைத்தார்களா?

இளைஞர்கள் சிலர் பெரியவர்களைத் திருத்துவதைக் காண்கிறோம். 'பர்ளு' என்று சொல்லாதீர்கள், 'களா' என்று சொல்லாதீர்கள், 'ஒளு' என்று சொல்லாதீர்கள், இவை எல்லாம் கொச்சை என்கிறார்கள். இதில் கொஞ்சம் நிதானம் தேவை.

இச்சொற்களில் நாம் 'ள' என்று சொல்லும் இடத்தில் அரபியில் இருப்பது 'ளாத்' என்ற எழுத்து. அரபியிலேயே கடினமான எழுத்து அது. தஜ்வீத் நூல்கள் அதன் பிறப்பிடத்தை எப்படிச் சொல்கின்றன? நாவின் ஓரம் மேல் கடைவாய்ப் பற்களைத் தொடும் இடம் என்கின்றன. இப்போது 'ள' என்று சொல்லிப் பாருங்கள். நுனி நாவு மேலே மடிந்து தொட, காற்று நாவின் ஓரமாக வெளியேறுகிறது. அந்த ஓரத்தைத்தான் நம் முன்னோரின் காது பிடித்திருக்கிறது. இலங்கை முஸ்லிம்கள் 'ரமழான்' என்று எழுதுகிறார்கள். அதுவும் இதே காதுதான். பாரசீகத்தின் வழியாக உருதுக்குச் சென்ற சொல்லில் ஓரம் போய், பல்லோசை வந்து 'ரம்ஜான்' ஆயிற்று. துருக்கியரும் அப்படியே. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது பேசும் குடும்பப் பிள்ளைகளுக்கு, தமிழ்ப் பிள்ளைகள் திணறும் 'ஃபா' எழுத்து வெகு எளிதாக வருகிறது. ஆனால் 'ளாத்' எழுத்தில் அவர்களுக்கும் தனிப் பயிற்சி வேண்டியிருக்கிறது. அரபிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மொழியில் 'பல்' என்பதில் வரும் 'ப' இல்லை. வளைகுடாவில் வேலை பார்த்த சகோதரர்களுக்கு, 'பார்க்கிங்' என்ற சொல் அங்கே எப்படி ஒலிக்கும் என்பது நன்றாகத் தெரியும்.

எனவே இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழ்ப் பேச்சுக்குள் வந்து தங்கிவிட்ட 'பர்ளு' தமிழ்ச் சொல். அதைத் திருத்த வேண்டிய அவசியம் இல்லை. தொழுகையில் சூரத்துல் ஃபாத்திஹா ஓதும்போது 'ளாத்' எழுத்தை அதன் இடத்திலிருந்து சொல்லக் கற்பது நம் கடமை. அங்கே 'ள' போதாது.

தஜ்வீதில் பிழைகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். எழுத்தோ உயிர்க்குறியோ மாறிப்போகும் வெளிப்படையான பிழை 'லஹ்ன் ஜலீ'. நயமும் அளவும் குறையும் நுட்பமான பிழை 'லஹ்ன் கஃபீ'. இந்தப் பகுப்பை ஆங்கில ஆசிரியர்களும் எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து. பேன், ஃபேன் குழப்பம் ஜலீ. கேட்பவர் வேறு பொருளைப் புரிந்துகொள்வார். உடனே திருத்த வேண்டும். 'புக்கு' என்பதும், தமிழ் ராகத்தில் பேசுவதும் கஃபீ. பொருள் கெடாது. அது போகும் வரை பேச்சை நிறுத்தி வைத்தால், பிள்ளை ஒருநாளும் பேசாது. நம் வகுப்புகள் பலவற்றில் இது தலைகீழாக நடக்கிறது. ராகத்தைக் கேலி செய்கிறார்கள், பொருள் மாறுவதைக் கவனிப்பதில்லை.

'நான்' என்றதும் ஏன் நிற்கிறார்கள்?

ஒலியை விடப் பெரிய தடை சொல்வரிசை. தமிழில் வினை கடைசியில் வரும். "நான் நேற்று மதுரைக்குப் போய் மாமாவைப் பார்த்துவிட்டு வந்தேன்" என்ற வாக்கியத்தில் முக்கியமான செயல் கடைசிச் சொல்லில் இருக்கிறது. ஆங்கிலம் 'நான்' என்றதும் வினையைக் கேட்கிறது. அரபியோ பெரும்பாலும் வினையிலேயே தொடங்கும். தமிழ் வரிசையில் யோசிக்கும் பிள்ளை 'ஐ' என்று தொடங்கி, மனதுக்குள் வாக்கியத்தின் கடைசி வரை ஓடிப்போய், அங்கிருக்கும் வினையை எடுத்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். 'ஐ... ஐ...' என்ற தயக்கத்துக்கு இது ஒரு பெரிய காரணம். பல நேரம் அந்தப் பிள்ளைக்குச் சொல்லும் தெரியும், இலக்கணமும் தெரியும்.

இதற்கும் தமிழிலேயே வழி இருக்கிறது. எழுத்துத் தமிழை விட்டுவிட்டுப் பேச்சைக் கவனியுங்கள். "போனேன் நேத்து, மதுரைக்கு. மாமாவப் பாத்தேன். நல்லா இருக்காங்க." பேசும்போது நாமே வினையை முன்னால் தள்ளி, மீதியைத் துண்டு துண்டாகச் சேர்க்கிறோம். பிள்ளையை முதலில் தமிழில் இப்படிச் சிறு வாக்கியங்களாகச் சொல்லப் பழக்கிவிட்டு, அதே துண்டுகளை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் தயக்கம் பாதியாகக் குறைவதைக் கண்டிருக்கிறோம்.

தமிழிலும் பேசாத பிள்ளைகள்

இவை எல்லாவற்றையும் விட எங்களை வருத்தும் விஷயம் ஒன்று உண்டு. நெதர்லாந்தில் டச்சு மொழியை இரண்டாம் மொழியாகக் கற்ற ஆங்கிலேயரையும் துருக்கியரையும் வைத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்கள் தாய்மொழியில் பேசும் விதத்தையும் டச்சில் பேசும் விதத்தையும் ஒப்பிட்டது. டச்சில் அவர்கள் எப்படித் தயங்குகிறார்கள், எவ்வளவு நிறுத்துகிறார்கள் என்பதில் பெரும்பகுதியைத் தாய்மொழிப் பேச்சிலிருந்தே கணிக்க முடிந்தது. தாய்மொழியில் நின்று நின்று பேசுபவர் இரண்டாம் மொழியிலும் நின்று நின்றுதான் பேசுகிறார். அதற்குக் காரணம் மொழியறிவுக் குறைவு மட்டும் அல்ல, பேசும் பழக்கமும்தான்.

நேர்காணலில் நாங்கள் காண்பதும் இதுவே. ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் மாணவரிடம், "சரி தம்பி, தமிழிலேயே சொல்லுங்கள், உங்கள் ஊரைப் பற்றி இரண்டு நிமிடம்" என்கிறோம். "நல்ல ஊர் சார்" என்பதோடு முடிந்துவிடுகிறது. வற்புறுத்தினால் "பள்ளிவாசல் இருக்கு, ஸ்கூல் இருக்கு." மதிப்பெண் 90 விழுக்காடு இருக்கும். இந்தத் தம்பியை ஆங்கில வகுப்பில் சேர்த்தால் ஆங்கிலத்திலும் "நல்ல ஊர்" என்றுதான் சொல்வார்.

பத்தமடையிலிருந்து வந்த ஒரு மாணவி இதற்கு மாறாக இருந்தார். பள்ளியில் படித்தது தமிழ் வழி. அவருடைய உம்மம்மா கோரைப்பாய் நெய்பவர். கோரையை ஊறவைப்பது, கீறுவது, சாயம் ஏற்றுவது, தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டியிருப்பது என்று நாங்கள் கேட்கக் கேட்க, கை அசைத்து விளக்கினார். பிறகு அதையே ஆங்கிலத்தில் கேட்டோம். காலம், பன்மை எல்லாம் தவறியது. 'கோரை' என்பதற்கு ஆங்கிலச் சொல் தெரியவில்லை. "ஆற்றோரத்தில் வளரும் நீளமான புல்" என்று ஆங்கிலத்திலேயே சுற்றி வந்து சொல்லிவிட்டார். நிற்கவில்லை. அந்த வீட்டில் யாரோ ஒருவர் அவர் பேசுவதைப் பல வருடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

நம் வீடுகளில் பிள்ளைகளிடம் நாம் கேட்பதெல்லாம் "சாப்பிட்டியா", "ஓதினியா", "மார்க் என்ன" என்பவைதான். எல்லாமே ஒரு சொல்லில் பதில் முடியும் கேள்விகள். பெண் பிள்ளை கொஞ்சம் கூடுதலாகப் பேசினால் "அடக்கமா இரு" என்கிறோம். அடக்கம் வேறு, வாயடைப்பு வேறு. ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஸஹாபாக்கள் வந்து மார்க்கச் சட்டம் கேட்டுத் தெளிந்ததைப் படிக்கும் சமுதாயம் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

திக்கி ஓதுபவர்கள்

ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் குர்ஆன் ஓதக் கற்க வரும் பெரியவர்களும், புதிதாக இஸ்லாத்தை ஏற்றவர்களும் வகுப்பில் சில வாரம் இருந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். "ஐன் வரல, ஹா வரல, பேரப்பிள்ளைக சிரிக்குது" என்கிறார்கள். வயது வந்தபின் நாவு திரும்புவது கடினம் என்பதை அல்-ஜாஹிழ் எழுதியதிலிருந்து மேலே கண்டோம். சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. மூஸா (அலை) தம் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி துஆ செய்ததைத் தாஹா சூராவிலும், தம்மை விடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூனை (அலை) துணைக்குக் கேட்டதை கஸஸ் சூராவிலும் ஓதுகிறோம். பேச்சில் சரளம் குறைந்ததால் நபித்துவம் குறையவில்லை.

ஒரு குறிப்பு: பிலால் (ரலி) அவர்கள் 'ஷீன்' எழுத்தை 'ஸீன்' என்று உச்சரித்தார்கள் என்று மேடைகளில் சொல்லப்படும் கதைக்கு ஆதாரம் இல்லை என்று இப்னு கஸீர் போன்றோர் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். ஆறுதல் சொல்வதற்காக அதை எடுத்துச் சொல்ல வேண்டாம். மேலே சொன்ன ஸஹீஹான ஹதீஸே போதும்.

வகுப்பு ஏற்பாடு

இன்ஷா அல்லாஹ், பேச்சுப் பயிற்சி வகுப்பு அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் நம் நூலக அறையில் தொடங்கும். முதல் இரண்டு வாரம் முழுக்கத் தமிழில்தான் பேச வைப்போம். தாம் பார்த்த ஒரு வேலையை, ஒரு வழியை, ஒரு சமையலை ஐந்து நிமிடம் நிறுத்தாமல் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் அதே விஷயத்தை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அபராதம் கிடையாது. மாணவியருக்கு ஞாயிறு காலை 10 மணிக்கு ஆசிரியை ஒருவர் தனியாக நடத்துவார். பெரியவர்களுக்கான குர்ஆன் வகுப்பு வழக்கம்போல ஃபஜ்ருக்குப் பின் நடைபெறும். இம்முறை பேரப்பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம்.

சேர விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றை மட்டும் இப்போதே தொடங்கலாம். இஷாவுக்குப் பின் கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு, பத்து நிமிடம் பிள்ளையிடம் அன்றைய தினத்தைக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். அத்தாவோ வாப்பாவோ வெளிநாட்டில் இருந்தால் தொலைபேசியில் கேட்கலாம். இடையில் திருத்தாதீர்கள். விண்ணப்பப் படிவம் அலுவலகத்தில் கிடைக்கும், கட்டணம் இல்லை.